ஊசியா, ஆபரேஷனா, பவுடரா?

கேள்வி: என் வயது 33. உயரம் 155 செ.மீ., எடை 92 கிலோ. சென்னிமலையில் ஒரு பெட்ஷீட் குடோனில் கணக்கு எழுதுகிறேன். ஏழு வயதில் ஒரு மகள். மூன்று வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை. கடைசியாகப் பார்த்தபோது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4. முன்பெல்லாம் கிருத்திகைக்குக் கிருத்திகை மலைப்படி ஏறிப் போவேன். இப்போது முழங்கால் விடுவதில்லை, பஸ்தான். பேலியோ டயட் இருந்து 14 கிலோ குறைத்தேன், ஒன்றரை வருடத்தில் 17 கிலோ ஏறிவிட்டது. நங்கையா (அண்ணி முறை) வாங்கித் தந்த மூலிகைப் பவுடரில் இரண்டு மாதத்தில் 6 கிலோ இறங்கியது, கூடவே படபடப்பு, தூக்கமே இல்லை. டாக்டர் எடை குறைய வயிற்றில் செய்யும் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார். வீட்டுக்காரர் வாரம் ஒரு ஊசி போதும் என்கிறார். மாமியாரோ, "வாயைக் கட்ட முடியாதவங்கதான் வயித்தை வெட்டிக்குவாங்க" என்கிறார். இன்னொரு குழந்தைக்கும் ஆசை இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், சென்னிமலை.

பதில்: முதலில் அந்தப் பவுடரை நிறுத்துங்கள். இன்றைக்கே. உங்கள் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. ஆனால் 'மூலிகை' என்று விற்கும் எடைக்குறைப்புப் பொடிகளில் சிபுட்ரமின் என்ற மருந்தைக் கலந்து விற்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அது பசியை அடக்கும், படபடப்பைக் கொடுக்கும், தூக்கத்தைக் கெடுக்கும். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்ததும் 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதன் விற்பனையை நிறுத்தினார்கள், பின்னாலேயே இந்தியாவும் தடை செய்தது. நங்கையா நல்ல மனதோடுதான் வாங்கித் தந்திருப்பார். அவரும் அதைக் குடித்துக்கொண்டிருந்தால் அவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது மாமியார் சொன்னது. அவரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. படித்து முடித்து வந்த புதிதில் நானும் குண்டானவர்கள் வந்தால், "வாயைக் கட்டுங்க, நடங்க" என்று இரண்டே வார்த்தையில் அனுப்பிவைத்தவன்தான். அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள். எடை குறைந்துவிட்டது போல என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் பேலியோ கதையையே எடுத்துக்கொள்வோம். 14 கிலோ குறைத்தீர்கள் என்றால் மாதக்கணக்கில் வாயைக் கட்டியிருக்கிறீர்கள். அப்புறம் ஏன் ஏறியது? மழை பொய்த்த வருடத்தில் குதிரில் கிடக்கும் கம்பை வீட்டுக்காரம்மா படி அளந்து அளந்து எடுப்பார் அல்லவா, எடை குறையும்போது உடம்பும் அதைத்தான் செய்கிறது. வந்திருப்பது பஞ்சம் என்று அது முடிவு கட்டிவிடுகிறது. செலவைச் சுருக்குகிறது, அதாவது அதே நடைக்கு முன்பைவிடக் குறைவாக எரிக்கிறது. வரவைக் கூட்டப் பார்க்கிறது, அதாவது பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் இறங்குகிறது. இது ஒரு வாரத்தில் சரியாகிவிடுவதும் இல்லை. உணவைக் கடுமையாகக் குறைத்து எடை இழந்தவர்களை ஆஸ்திரேலியாவில் தொடர்ந்து பார்த்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருடம் கழித்தும் இந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. ஒன்றரை வருடமாக நீங்கள் மல்லுக்கட்டியது இதனோடுதான், அம்மிணி. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனால் சொல்லுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம், உங்கள் வேலையே அதுதானே. எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால், 92-ஐ 1.55-ஆல் வகுத்து மறுபடியும் 1.55-ஆல் வகுத்தால், 38.3 வருகிறது. பி.எம்.ஐ. என்பது இதுதான். நம் இந்திய உடம்புக்கு 25 தாண்டினாலே உடல் பருமன் என்று கணக்கு. வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது. ஆபரேஷனுக்கு 1991-லிருந்து இருந்த அமெரிக்க அளவுகோல் 40, அல்லது சர்க்கரை போன்ற நோய் கூட இருந்தால் 35. 2022-ல் அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் அமெரிக்கச் சங்கமும் உலகச் சங்கமும் அதைத் தளர்த்தி, நோய் இல்லாதவருக்கே 35, சர்க்கரை இருந்தால் 30, ஆசியர்களுக்கு இன்னும் கீழே என்று ஆக்கிவிட்டன. பழைய கணக்கிலும் புதிய கணக்கிலும் நீங்கள் வருகிறீர்கள். டாக்டர் உங்களை வீணாக அனுப்பவில்லை.

வீட்டுக்காரர் சொல்லும் ஊசியும் ஏமாற்று வேலை இல்லை. செமாகுளுட்டைடு, டிர்செபடைடு என்று இரண்டு. சாப்பிட்டதும் குடலிலிருந்து சுரக்கும் ஹார்மோன்களைப் போல நடித்து, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்கின்றன. வயிற்றிலிருந்து சோறு கீழே இறங்குவதையும் மெதுவாக்குகின்றன. (இந்த மருந்து வகையில் முதலாவது, அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் ஒரு நச்சுப் பல்லியின் எச்சிலை ஆராய்ந்தபோது கிடைத்தது. நம்மூரில் பல்லி விழுந்தால் பலன் பார்ப்போம். அவர்கள் பார்த்த பலன் இது.) பெரிய ஆய்வுகளில் ஒன்றேகால் வருடத்துக்கும் மேல் போட்டவர்களுக்கு செமாகுளுட்டைடில் உடல் எடையில் சுமார் 15 சதவீதமும், டிர்செபடைடின் அதிக அளவில் சுமார் 20 சதவீதமும் குறைந்தது. ஆனால் விளம்பரத்தில் சொல்லாத ஒன்று உண்டு. அது சர்க்கரை இல்லாதவர்களின் கணக்கு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது முறையே 10, 15 சதவீதம் அளவில் நின்றுவிடுகிறது. உங்கள் 92-இல் அது 9 முதல் 14 கிலோ.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் பலருக்கு வரும். அளவை மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் தாங்கும். கணையம் வீங்கிய வரலாறு இருந்தாலோ, குடும்பத்தில் தைராய்டில் மெடுல்லரி வகைப் புற்றுநோய் இருந்தாலோ முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது, நிறுத்தினால் எடை திரும்பிவிடுகிறது என்பது. செமாகுளுட்டைடு ஆய்வில் நிறுத்திய ஒரே வருடத்தில் இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிட்டது. டிர்செபடைடு 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 5 மி.கி. குப்பி 4,375 ரூபாய், வாரம் ஒன்று வேண்டும். செமாகுளுட்டைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான், அதன் பிறகு அது மலிவாக வாய்ப்பு உண்டு. மலிவானாலும், ரத்த அழுத்த மாத்திரை மாதிரி விடாமல் போடத் தயாரா என்பதுதான் கேள்வி.

உங்கள் கேள்வியில் குழந்தை ஆசை கடைசி வரியில் வந்தது. எனக்கு அதுதான் முதல் வரி. இந்த ஊசிகளோடு கருத்தரிக்கக் கூடாது. செமாகுளுட்டைடை அதற்கு இரண்டு மாதம் முன்பாவது நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எடை ஏறத் தொடங்கும், அந்த நேரம் பார்த்து நீங்கள் கர்ப்பமாவீர்கள். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் வேலையையும் குறைக்கும். எடை குறையத் தொடங்கினால் நின்றிருந்த மாதவிலக்கு திரும்பி, எதிர்பாராமல் கரு தங்குவதும் நடக்கிறது. ஆபரேஷன் என்றால் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். எடை வேகமாக இறங்கும் காலத்தில் குழந்தைக்குச் சத்து போதாது. அந்தக் காலத்துக்குக் காப்பர்-டி வசதியானது. 18 மாதம் என்றாலும் உங்களுக்கு 35 வயதுதான். ஆசைக்கு இடம் இருக்கிறது. அதைவிட, 8.4 சர்க்கரையோடு இப்போதே கருத்தரிப்பதுதான் எனக்குப் பயம். அது குழந்தைக்கே ஆபத்து.

இதையெல்லாம் கூட்டிக் கழித்தால், உங்களுக்கு ஆபரேஷன் நல்ல வழி என்றே சொல்வேன். நான் பொது மருத்துவன், கத்தி பிடிப்பவன் இல்லை. அதனால் இதைச் சொல்வதில் எனக்கு ஆதாயம் எதுவும் கிடையாது.

பெரும்பாலும் செய்வது இரண்டு. ஒன்று, ஸ்லீவ். வயிற்றின் எழுபத்தைந்து, எண்பது சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் அளவில் ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். எடுக்கும் பகுதிதான் பசியைத் தூண்டும் கிரெலினை அதிகம் சுரக்கிறது. அதனால் கொள்ளளவு குறைவதோடு பசியும் குறைகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. இன்னொன்று பைபாஸ். வயிற்றின் மேல்பகுதியில் முட்டை அளவு ஒரு பையை மட்டும் பிரித்து, அதை நேராகச் சிறுகுடலோடு இணைப்பது. 1966-ல் தொடங்கிய யோசனை, இன்று சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் நடக்கிறது. உங்களுக்கு நெஞ்செரிச்சல் உண்டா என்று எழுதவில்லை. உண்டென்றால் ஸ்லீவ் அதை மோசமாக்கும். பைபாஸ் பக்கம் போகலாம். எண்டோஸ்கோப்பி பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எடையில் கால்வாசி, சிலருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட, குறையும். உங்களுக்கு 23 கிலோ என்று வையுங்கள். சர்க்கரையில்தான் பெரிய லாபம். எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களிலேயே அது குறையத் தொடங்கும். நோய் வந்து வருடங்கள் குறைவாக இருந்தால் மாத்திரையில்லாமல் அடங்கும் வாய்ப்பு அதிகம். உங்களுக்கு மூன்றே வருடம். ஆறப்போட்டால் இந்த வாய்ப்பு தேயும். அதற்காகச் சர்க்கரை போயே போச்சு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில வருடம் கழித்துத் திரும்பலாம். எடையும் கொஞ்சம் ஏறலாம்.

ஆபத்து இல்லையா? இருக்கிறது. நல்ல மையங்களில் உயிருக்கு ஆபத்து ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான், பித்தப்பை ஆபரேஷன் போல. ஆனால் 2024-ல் சென்னைப் புறநகரில் இந்தச் சிகிச்சைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் இறந்ததும், அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியதும் செய்தியில் வந்தது. ஆகவே இடத்தைப் பார்த்துப் போங்கள். லேப்ராஸ்கோப்பிக்குக் கோவை பேர் போன ஊர், உங்களுக்குத் தூரமும் இல்லை. ஆனால் பெயர்ப் பலகையைப் பார்த்துப் போகாமல் கேட்டுப் போங்கள். அந்த சர்ஜன் இதுவரை எத்தனை செய்திருக்கிறார்? தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கிறதா? டயட்டீஷியன் உண்டா? வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு வயிறு வலித்து, நெஞ்சு வேகமாக அடித்து, காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும்? தையல் போட்ட இடம் கசிவதன் அறிகுறிகள் அவை. கடைசிக் கேள்விக்குத் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம்: மருத்துவக் காப்பீடு இருந்தால் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பி.எம்.ஐ. 40, அல்லது 35-உடன் கட்டுக்கு வராத சர்க்கரை போன்ற நோய் இருந்து, டாக்டரும் பரிந்துரைத்தால் இந்த ஆபரேஷனை ஒதுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி உண்டு. காத்திருப்புக் காலம் எவ்வளவு என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னால் வரும் வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்வதில்லை. முதல் இரண்டு வாரம் மோர், பருப்புத் தண்ணி, புரத பானம். அப்புறம் மசித்தது, நம் அரிசிம்பருப்பைக் குழைய வடித்தால் அதற்கென்றே செய்தது போல இருக்கும், நெய்யை மட்டும் மறந்துவிடுங்கள். பிறகு திட உணவு, ஆனால் கைப்பிடி அளவு. தட்டில் முதலில் புரதம்: முட்டை, கோழி, தயிர், கொள்ளுப்பருப்பு. நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பெரியவர்கள் சொன்னது இங்கே உருப்படியாகப் பயன்படும். கொள்ளுத் தண்ணி குடித்தே 92 இறங்கும் என்றால் நம்மூரில் யாரும் குண்டாக இருக்க மாட்டோம். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி இடைவெளி வேண்டும். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டும், பயப்படாதீர்கள், முளைக்கும். பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி ஆயுளுக்கும். இரண்டு நாள் விடாமல் வாந்தி வந்தால் விட்டமின் பி1 ஊசிக்கு ஓட வேண்டும், நரம்பு கெட்டுவிடும். சர்க்கரை மாத்திரையின் அளவை முதல் வாரமே டாக்டர் குறைப்பார். பழைய அளவையே போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும்.

இதில் கஷ்டமானது மாத்திரை இல்லை, விருந்து. கெடா வெட்டுக்குப் போனால் இரண்டு துண்டோடு வயிறு நின்றுவிடும். இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏனுங், பிடிக்கலீங்களா, ஒண்ணுமே உங்குலியே" என்று நாலு பேர் கேட்பார்கள். சாப்பிட வைத்தால்தான் மரியாதை என்று நினைக்கும் மண் இது. இனி சொந்தக்காரர் வீட்டில் குறைவாகச் சாப்பிடுவதற்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள். "வயித்துல ஆபரேஷன் ஆயிருக்குதுங்க" என்று சொன்னால் போதும், எந்த ஆபரேஷன் என்று யாருக்கும் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை.

மாமியாரை ஒரு முறை டாக்டரிடம் கூட்டிப்போங்கள். குழந்தை ஆசையை அவர் முன்னாலேயே கேளுங்கள். பேரனோ பேத்தியோ என்றால் அவரே தேதி குறிக்கச் சொல்வார் என்று நினைக்கிறேன்.

மலை ஏறுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எழுதியிருக்கிறீர்கள். சென்னிமலையில் 1,320 படி. முழங்காலை டாக்டரிடம் காட்டிவிட்டு, ஐந்தாறு மாதம் கழித்து, எடை இறங்கிய பிறகு ஒரு கிருத்திகைக்கு முயன்று பாருங்கள். பாதியில் உட்காரலாம், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். முழங்காலுக்குப் பாரம் ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். அதனால் ஏறுவது படியில், இறங்குவது பஸ்ஸில்.