கண்ணாடிக் கூரையின் கீழ் ஒரு சீன முற்றம்

வணக்கம் ஐயா. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் உள்ள சீன முற்றத்தை உயர்வாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அது 1980இல் கட்டப்பட்டதுதானே? பழம்பொருள்களுக்கு நடுவே ஒரு நகலை வைப்பது பார்வையாளரை ஏமாற்றுவதாகாதா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆஸ்டர் முற்றம் எனப்படும் அவ்விடம், சீனாவின் சூச்சோ நகரில் வலைஞர் தோட்டத்திலுள்ள ஒரு சிறு முற்றத்தை மாதிரியாகக் கொண்டது என்பதை அருங்காட்சியகம் எங்கும் மறைக்கவில்லை. ஆகவே ஏமாற்று என்ற குற்றச்சாட்டு நிற்காது. நகல் என்பதையும் என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. வலைஞர் தோட்டமே 12ஆம் நூற்றாண்டில் தோன்றி, சிதைந்து, 18ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்டு, பின்வந்த உரிமையாளர்களின் கையில் மாறிக்கொண்டே இருந்தது. அங்கே தலைமுறைகளைத் தாண்டி வந்திருப்பது கட்டும் முறைதான். அம்முறையில் தேர்ந்த சூச்சோக் கைவினைஞர்கள், முதலில் தங்கள் ஊரிலேயே முழு அளவில் ஒரு மாதிரியைக் கட்டிப் பார்த்தார்கள். பிறகு 1980 ஜனவரியில் 27 பேர் கொண்ட குழுவாக நியூயார்க் வந்து, ஏறத்தாழ ஐந்து மாதங்களில் வேலையை முடித்தார்கள். தூண்களுக்கு நான்மூ என்னும் சீன மரம் வந்தது. செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் சீனாவில் ஒரு பழைய சூளையை மீண்டும் மூட்டினார்கள். மரச்சட்டங்களைத் துளையும் கழுந்துமாக, ஆணியின்றி இணைத்தார்கள். இத்தனைக்கும் பணம் கொடுத்த அறக்கட்டளையின் தலைவி புரூக் ஆஸ்டர், சிறுவயதில் பீஜிங்கில் வாழ்ந்தவர்.

என் மனக்குறை வேறு. சூச்சோத் தோட்டம் வானத்தை நம்பிக் கட்டப்படுவது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் துளைகள் நிறைந்த தைஹூ ஏரிக் கற்களை நிறுத்துவதே, பொழுது நகர நகர அவற்றின் நிழலும் சுவரில் இடம்பெயர்வதற்காகத்தான். கூரை விளிம்பு ஓடுகளின் நுனி கீழ்நோக்கிக் கூர்ந்திருப்பது மழைநீர் சொட்டி வடிவதற்காக. நியூயார்க்கில் முற்றத்தின் மேல் கண்ணாடிக் கூரை இருப்பதால் அந்த ஓடுகளில் ஒரு துளியும் விழுவதில்லை. வெயிலும் வடிகட்டியே இறங்குகிறது. கட்டடமாக அதை மெய்யானது என்பேன். தோட்டம் என்று அழைக்கச் சற்றுத் தயங்குவேன்.

பழம்பொருள் பற்றிய உங்கள் கேள்விக்கும் அங்கேயே விடை உண்டு. அருங்காட்சியகம் 1976இல் பெற்ற மிங் அரச மரபுக் காலத்து (14–17ஆம் நூற்றாண்டு) மர இருக்கைகளுக்கும் மேசைகளுக்கும் பொருத்தமான இடம் தேடியதிலிருந்துதான் இம்முற்றமே உருவாயிற்று. செல்ல நேர்ந்தால் முற்றத்தை ஒட்டிய மண்டபத்துக்குள்ளும் பாருங்கள். நீங்கள் கேட்கும் பழமை அந்த மரச்சாமான்களில் இருக்கிறது.

அன்புடன்.