செண்பகம் அக்கா பதில்கள்: கடை வாசலில் போட்ட கையெழுத்து

கேள்வி: அக்கா, போன அக்டோபரில் மளிகை வாங்கிக்கொண்டு வண்டியைத் தள்ளி வரும்போது ஒரு பையன் அட்டையை நீட்டி, "பிள்ளைகள் கைக்குப் போதை போகாமல் தடுக்க ஒரு கையெழுத்து" என்றான். பையில் ஐஸ்கிரீம் உருகிக்கொண்டிருந்தது, போட்டுவிட்டேன். இப்போது என் கணவர், "மாசசூசெட்ஸில் கஞ்சாக் கடைகளையே மூடச் சொல்லும் மனு அது" என்கிறார். நான் போட்டது ஓட்டா?
– எஸ்.வி., ஷ்ரூஸ்பரி

பதில்: ஓட்டு இல்லை, பயப்படாதீர்கள். "இதை மக்கள் முன் ஓட்டுக்கு விடுங்கள்" என்று கேட்டவர்களில் நீங்களும் ஒருவர், அவ்வளவுதான். வருகிற நவம்பர் 3ஆம் தேதி வாக்குச்சீட்டில் இந்தக் கேள்வி வந்தால், நீங்களே எதிர்த்தும் போடலாம்.

ஆனாலும் ஒரு குட்டு உண்டு. நீங்கள் கையெழுத்திட்ட தாளில் அட்டர்னி ஜெனரல் எழுதிய சுருக்கம் அச்சாகியிருக்கும். பையன் சொல்வதைக் கேட்காமல் அதைப் படித்திருக்க வேண்டும். கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. அதை இந்த மாநிலச் சட்டம் தடுக்கவில்லை.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஓய்வு பெறும்வரை ஒரு டவுன் கிளார்க் அலுவலகத்தில் இந்தத் தாள்களைச் சரிபார்த்தவள் நான். நவம்பர் மூன்றாவது வாரம் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். ஒவ்வொரு பெயரையும் வாக்காளர் பட்டியலில் தேட வேண்டும். இருந்தால் டிக். அந்த முகவரியில் அப்படி ஒருவர் இல்லையென்றால் 'என்'. கையெழுத்து புரியவில்லை என்றால் 'எஸ்'. ஏற்கெனவே போட்டவர் மறுபடி போட்டிருந்தால் 'டி'. வேற்று ஊர்க்காரர் என்றால் 'டபிள்யூ'. நம் ஆட்களுக்கு அடிக்கடி விழுவது 'எஸ்'. பட்டியலில் வேங்கடசுப்பிரமணியன் என்று ஒரு முழ நீளத்துக்கு இருக்கும். தாளில் ஒரு 'வி', அதன் பின்னால் புழு நெளிந்த மாதிரி ஒரு கோடு. நானே தமிழச்சி, ஆனால் அந்தக் கோட்டுக்கு எப்படி டிக் போடுவது?

இன்னொன்று. அச்சடித்த படிவத்தில் தேவையில்லாத கிறுக்கலோ ஹைலைட்டர் கோடோ விழுந்திருந்தால் அந்தத் தாளே செல்லாமல் போகலாம். 1998இல் மாநில உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. அந்த வாரம் முழுக்க எங்கள் மேஜைப் பக்கம் காபிக் கோப்பையே வராது.

2015இலும் இதே மாதிரிப் பெட்டிகள் வந்தன. அவை கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கச் சொன்ன மனு. மறுவருஷம் அது நான்காம் கேள்வியாக வந்தது. கவர்னர் சார்லி பேக்கர், பாஸ்டன் மேயர் மார்ட்டி வால்ஷ் இருவருமே வேண்டாம் என்றார்கள், இத்தனைக்கும் ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி. அப்படியும் நூற்றுக்கு 54 பேர் வரை ஆம் என்று போட்டு ஜெயிக்க வைத்தார்கள். 2018 நவம்பர் 20 அன்று லெஸ்டரிலும் நார்த்தாம்ப்டனிலும் முதல் கடைகள் திறந்தன. லெஸ்டர் பக்கம் ரூட் 9இல் வண்டிகள் நகரவே இல்லை. உங்கள் ஊர் வழியாக ஓடும் அதே ரூட் 9தான்.

இப்போது திருப்பி எடுக்கக் கேட்பவர்களுக்கும் வழி அதேதான். முதல் சுற்றில் 74,574 கையெழுத்து வேண்டியிருந்தது. டிசம்பரில் அதைத் தாண்டிவிட்டார்கள். மே முதல் புதன்கிழமைக்குள் சட்டமன்றம் தானாக நிறைவேற்றாவிட்டால் இன்னும் 12,429 திரட்ட வேண்டும். அதனால் இரண்டாவது முறையும் யாராவது கடை வாசலில் அட்டையை நீட்டுவார்கள். ஐஸ்கிரீமைக் கடைசியில் எடுங்கள்.

கேள்வி: இந்த மனு ஜெயித்தால் கஞ்சா வைத்திருந்தாலே ஜெயிலா? மருந்துக்கு வாங்குபவர்கள் என்ன செய்வார்கள்?
– பெயர் வேண்டாம், ஆக்டன்

பதில்: மருத்துவக் கஞ்சா 2012இல் தனியாக ஓட்டுப் போட்டு வந்தது. இந்த மனு அதைத் தொடவில்லை. 21 வயது நிரம்பிய ஒருவர் ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம், வைத்திருப்பதும் குற்றமாகாது. போவது இரண்டு: பொழுதுபோக்குக்கு விற்கும் கடை, வீட்டில் செடி வளர்க்கும் உரிமை. இப்போது ஆளுக்கு ஆறு செடி வரை வளர்க்கலாம்.

எனக்கு இடிப்பது இங்கேதான். பையில் வைத்துக்கொள்ளலாம், வாங்கக் கடை கிடையாது, வளர்க்கவும் கூடாது. அப்புறம் அந்த ஒரு அவுன்ஸ் வானத்திலிருந்தா விழும்? பழையபடி யாரோ ஒருவனிடம் வாங்க வேண்டியதுதான். அவன் வயதுச் சான்று கேட்க மாட்டான். இன்று கடையில் கொடுக்கும் 20 சதவீத வரி வரை (மாநிலக் கலால் 10.75, விற்பனை வரி 6.25, ஊருக்கு 3 வரை) அவன் கட்டப் போவதுமில்லை.

ஓட்டுப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2016இல் 'ஆம்' என்றால் கஞ்சா வரட்டும். இப்போது 'ஆம்' என்றால் கடை போகட்டும். பழைய ஞாபகத்தில் கை தவறாதீர்கள்.

கேள்வி: நான் கிரீன் கார்டுக்காரன். அடுத்த வருஷம் குடியுரிமைக்கு மனுச் செய்யப் போகிறேன். தூக்கம் வராததால் நண்பர்கள் கஞ்சா மிட்டாய் வாங்கிச் சாப்பிடச் சொல்கிறார்கள். சட்டபூர்வம்தானே?
– கே.ஆர்., வெஸ்ட்பரோ

பதில்: தம்பி, தொடாதீர்கள். மாநிலத்துக்குத்தான் அது சட்டபூர்வம். மத்திய அரசுக்கு இல்லை. குடியுரிமை கொடுப்பது மத்திய அரசு. மாநிலம் அனுமதித்திருந்தாலும் கஞ்சா உபயோகித்தது 'நன்னடத்தை'க்குத் தடையாகலாம், அந்தத் தொழிலில் வேலை பார்ப்பதும் அப்படியே என்று 2019 ஏப்ரலில் குடியேற்றத் துறையே எழுதி வைத்துவிட்டது. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மனுவைத் தொடுமுன் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். நேர்காணலில் பொய் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம்.

அந்த அட்டையிலும் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது, அது வாக்காளர்களுக்கு மட்டும். "இங்கேயே வாக்காளராகப் பதிந்துகொள்ளுங்கள்" என்று யாராவது வேறு படிவம் நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். குடியுரிமை இல்லாமல் பதிந்தால் கிரீன் கார்டுக்கே ஆபத்து.

தூக்கத்துக்கு டாக்டரிடம் போங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் சென்னை ஆபீஸோடு மீட்டிங் வைப்பதையும் நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து வந்திருக்கிற என் மாமியார், "இங்கே கஞ்சா விற்றால் போலீஸ் பிடிக்காதா?" என்று தினமும் கேட்கிறார். என்ன சொல்ல?
– மாலா, நேஷுவா

பதில்: நீங்கள் இருப்பது நியூ ஹாம்ப்ஷயர். அங்கே விற்றால் பிடிப்பார்கள். அவர் கேட்பது சரிதான்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், உங்கள் ஓட்டு எதற்கு?
– ஆர்.ஜி., லெக்சிங்டன்

பதில்: எங்கள் அடுக்ககத்தில் கீழ்வீட்டுப் பையன் சாயங்காலம் பால்கனியில் இழுப்பான். காயப்போட்ட புடவையெல்லாம் ஸ்கங்க் நாற்றம். அந்தக் கோபத்தில் மட்டும் போடுவதென்றால் கடைகளை நாளைக்கே மூடிவிடுவேன். ஆனால் கடை மூடினாலும் அவன் பால்கனிக்கு வரத்தான் போகிறான். அதனால் என் ஓட்டு 'இல்லை'. என் கணவர் 'ஆம்'. மகளும் அவர் கட்சி, மருமகன் என் கட்சி. வீட்டில் நாலு ஓட்டு, இப்போதைக்கு இரண்டுக்கு இரண்டு.