பாம்புக்குட்டி இரை எடுக்கவில்லையே! – வாசகர் கேள்வி பதில்

வளர்ப்புப் பாம்புகள் முட்டையிட்டுப் பொரிக்கும் காலம் என்பதால், இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் குட்டிகளைப் பற்றியவையே. கேட்டவர்கள் வைத்திருப்பவை வட அமெரிக்காவின் கார்ன் பாம்பும் (corn snake) ஆப்பிரிக்காவின் பந்து மலைப்பாம்புமே (ball python) என்பதால், விடைகளும் அவ்விரண்டையே சார்ந்துள்ளன. இரண்டும் நஞ்சற்றவை. எந்த இனமானாலும் அதை வீட்டில் வளர்க்கத் தங்கள் பகுதியின் சட்டம் இடம் தருகிறதா என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே மற்றவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் கார்ன் பாம்பின் முட்டை ஒன்றில் நேற்றுக் காலை கீறல் விழுந்தது. மூக்கின் நுனி மட்டும் தெரிகிறதே தவிர, குட்டி வெளியே வரவில்லை. பக்கத்து முட்டைக் குட்டிகள் வந்துவிட்டன. நாமே ஓட்டைக் கிழித்து எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மேல்தாடையின் நுனியிலுள்ள முட்டைப் பல்லால், தோல் போன்ற அந்த ஓட்டைக் கீறியவுடன் குட்டி முதன்முறையாகக் காற்றைச் சுவாசிக்கத் தொடங்குகிறது என்பது உண்மைதான். ஆனால் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு அதன் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுவதும், ஓட்டின் உட்புறச் சவ்வில் ஓடும் இரத்தக் குழாய்கள் சுருங்கி மூடிக்கொள்வதும் அதற்குப் பிறகே நிறைவடைகின்றன. இதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ பிடிக்கலாம். அந்த இடைவெளியில் குட்டியை வெளியே இழுத்தால் மஞ்சள் கருவின் பை கிழியும், இரத்தமும் போகும். சரியாக வளர்ந்து பிழைத்திருக்க வேண்டிய குட்டி நம் அவசரத்தால் இறந்துபோகும். ஒரே ஈட்டு முட்டைகளில் முதல் குட்டிக்கும் கடைசிக் குட்டிக்கும் இடையே சில நாள் வேறுபாடு இருப்பதும் வழக்கமே.

தலையை நீட்டிப் பார்ப்பதும், ஆள் நடமாட்டம் தெரிந்ததும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்வதும் நல்ல அறிகுறிகள். ஆனால் நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தால் பெட்டியின் ஈரப்பதம் குறைந்து, கீறலின் விளிம்பு காய்ந்து குட்டியின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். காலையும் மாலையும் ஒருமுறை பார்த்தால் போதும்.

வெளியே வந்த குட்டியின் வயிற்றில் மஞ்சள் கருப் பையின் மிச்சம் தொங்கிக்கொண்டிருந்தால் அதை வெட்டவும் கூடாது, நூலால் கட்டவும் கூடாது. அடைகாப்புப் பெட்டியின் மண்ணும் துகளும் அதில் ஒட்டாதபடி, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த காகிதத் துவாலை விரித்த சிறு பெட்டியில் அதைத் தனியே விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது தானாகவே உள்ளிழுபட்டோ காய்ந்தோ போய்விடும். தொங்கும் பகுதி பெரிதாக இருந்தாலும், நிறம் மாறி நாற்றம் எடுத்தாலும் ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: ஒன்பது குட்டிகளையும் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றில் சேர்த்து விட எண்ணியிருக்கிறேன். சரியா?

பதில்: ஒவ்வொன்றையும் தனித்தனியே வையுங்கள். பாம்புக்குத் துணை தேவையில்லை. கிங் பாம்பு (kingsnake; ராஜநாகம் அன்று) இனங்களில் குட்டி குட்டியை விழுங்குவது இயல்பு. கார்ன் பாம்புகளில் இது அரிது என்றாலும், இரண்டு குட்டிகள் ஒரே இரையை இரு முனையிலும் கவ்விவிட்டால் எது இரை, எது உடன்பிறப்பு என்று அவை பிரித்துப் பார்ப்பதில்லை. தவிர, பெட்டியில் கக்கிய இரை கிடந்தால் அது எந்தக் குட்டியின் வேலை என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

பெரிய தொட்டியும் இப்போது வேண்டாம். நமக்கு அது அழகு. அந்தக் குட்டிக்கோ ஒளிய இடமில்லாத பொட்டல்வெளி. அப்படி அஞ்சிக் கிடக்கும் குட்டி இரை எடுப்பதில்லை. காலணிப் பெட்டி அளவுள்ள, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் பக்கவாட்டில் சிறு காற்றுத் துளைகள் இட்டு, தரையில் காகிதத் துவாலையை விரித்து, கவிழ்ந்துவிடாத தட்டையான தண்ணீர்க் கிண்ணம் ஒன்றையும், சூடான பக்கத்திலும் குளிர்ந்த பக்கத்திலும் உடல் உரசும் அளவுக்கு நெருக்கமான ஒளிவிடம் ஒவ்வொன்றையும் வைத்தால் போதும். துளையும் மூடியின் இடுக்கும் பென்சில் நுழையும் அளவுக்குக்கூட இருக்கக் கூடாது, ஏனென்றால் தலை நுழைந்த இடத்தில் உடலும் நுழைந்துவிடும்.

வெப்பத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெட்டியின் அடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வெப்ப விரிப்பு இருக்க வேண்டும். கார்ன் பாம்புக்குச் சூடான முனை 28 முதல் 30 டிகிரி செல்சியசும், பந்து மலைப்பாம்புக்கு 31 முதல் 32 டிகிரியும், குளிர்ந்த முனை முறையே 24, 26 டிகிரியை ஒட்டியும் இருந்தால் நலம். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் விரிப்பை மின்சாரத்தில் இணைக்காதீர்கள். அறையின் சுவரில் மாட்டிய வெப்பமானி எதையும் சொல்லாது. உணரியைப் பாம்பு படுக்கும் தரையிலேயே வைத்து அளக்க வேண்டும்.

கேள்வி: குட்டி பிறந்து நான்கு நாள் ஆகிறது. இதுவரை எதையும் தொடவில்லை. பால் வைத்துப் பார்க்கலாமா?

பதில்: பால் பாம்பின் உணவு அன்று, தண்ணீர் வைத்தால் போதும். நான்கு நாள் குட்டிக்குப் பசிக்காது. வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவைக் கொண்டே அது இப்போது வாழ்கிறது. பிறந்த ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் முதல் சட்டையை உரிக்கும். அதற்கு முன் நிறம் மங்கி, கண்கள் நீலம் பாய்ந்து, பிறகு மீண்டும் தெளியும். அந்த நாள்களில் ஈரப் பாசி நிரப்பிய சிறு டப்பா ஒன்றை ஒளிவிடமாக வைத்துவிட்டு, தொந்தரவு செய்யாமல் இருங்கள். சட்டை முழுதாகக் கழன்ற சில நாள் கழித்து முதல் இரையைக் காட்டலாம்.

கேள்வி: சட்டை உரித்து மூன்று வாரமாகியும் என் கார்ன் பாம்புக்குட்டி இரை எடுக்கவில்லை. சுண்டெலிக் குஞ்சை முகத்தருகே நீட்டினால் பின்வாங்கி ஓடுகிறது. தினமும் முயல்கிறேன். வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?

பதில்: தினமும் முயல்வதை முதலில் நிறுத்துங்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த செய்தி அது ஒன்றுதான். தினமும் துரத்தப்படும் குட்டி, இரையைக் கண்டாலே அச்சுறுத்தல் என்று எடுத்துக்கொள்ளும். ஒருமுறை மறுத்தால் நான்கைந்து நாள் பெட்டியைத் திறக்காமல் விட்டுவிடுங்கள். தண்ணீர் மாற்றுவதற்கு மட்டும் விலக்கு.

இடைப்பட்ட நாள்களில் வெப்பத்தையும் ஒளிவிடங்களையும் சரிபாருங்கள். இரையின் பருமன், குட்டியின் உடலில் மிகத் தடித்த இடத்தின் பருமனையோ அதைவிடச் சற்றே கூடுதலையோ கொண்டிருக்கலாம். கார்ன் பாம்புக்குட்டிக்கு அன்று பிறந்த, மயிர் முளைக்காத, ஒன்றிரண்டு கிராம் எடையுள்ள சுண்டெலிக் குஞ்சே ஏற்றது. உறைந்த குஞ்சைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு நீக்கி, பிறகு பையோடு வெந்நீரில் போட்டுச் சூடேற்றுங்கள். மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தால் உள்ளே வெந்தும் வெளியே குளிர்ந்தும் இருக்கும், வெடிப்பதும் உண்டு.

அந்தி சாய்ந்த பிறகு, காற்றுத் துளையிட்ட சிறு கிண்ணம் ஒன்றில் குட்டியையும் வெதுவெதுப்பான குஞ்சையும் கசக்கிய காகிதத் துண்டு ஒன்றையும் இட்டு மூடி, குட்டி இருக்கும் பெட்டிக்குள்ளேயே இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். இடுக்கியால் ஆட்டிக் காட்டியபோதெல்லாம் ஓடிய குட்டிகள் இப்படித் தனிமையில் விட்டால் இரை எடுப்பதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் குஞ்சை வாசனையற்ற சோப்பில் கழுவி, நன்றாக அலசித் துடைத்துக் கொடுங்கள். அடுத்த வழி, குஞ்சின் மண்டையில் ஊசியால் குத்தி மூளையின் ஈரம் மூக்கில் படியும்படி செய்வது. கேட்க அருவருப்பாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் பலிக்கும்.

இயற்கையில் கார்ன் பாம்புக்குட்டிகள் பல்லிகளையும் மரத்தவளைகளையும் பிடித்துத் தின்பவை என்பதால், பல்லியின் மணத்தைக் குஞ்சின் தலையில் தடவுவதும் உதவும். பிடித்து வந்த பல்லியை உயிரோடு கொடுக்காதீர்கள். ஒட்டுண்ணிகள் அதன் வழியாகப் புகும். உதிர்ந்த பல்லித் தோல் ஒரு துணுக்கை இரையின் மூக்கில் ஒட்டினாலே போதும்.

வலிந்து ஊட்டுவது கடைசி வழி; அதையும் மருத்துவரோ கை பழகியவரோதான் செய்ய வேண்டும். தாடை நூல்போல் மெலிந்திருக்கும் வயது இது. எப்போது அந்த நிலை வந்துவிட்டது என்பதை எடைதான் சொல்லும். கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றைக் குட்டிக்கென்றே ஒதுக்கி, வாரம் ஒருமுறை எடை பார்த்துத் தேதியோடு குறித்து வையுங்கள். எடை பெரிதும் மாறாமல், தொட்டால் உடல் இறுகி, நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக்கு இன்னும் சில வாரங்கள் தாங்கும். முதுகெலும்பு கூராகத் துருத்தி, தோல் மடிந்து, கையில் துவண்டு கிடந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

பந்து மலைப்பாம்புக்குட்டி பிறக்கும்போதே பெரியது என்பதால் சுண்டெலிக் குஞ்சு அதன் கண்ணில் படாது. மயிர் முளைத்து ஓடத் தொடங்கிய இளஞ்சுண்டெலியே அதற்கு இரை. உயிருள்ள எலியை விட்டுவிட்டு அங்கிருந்து நகராதீர்கள். இரை பாம்பைக் கடித்துக் குதறுவதும் நடக்கும்.

கேள்வி: முதல் இரையை ஆவலோடு விழுங்கியது. மறுநாள் நண்பர்களுக்கு எடுத்துக் காட்டினோம், அன்றிரவே கக்கிவிட்டது. உடனே இன்னொன்று கொடுக்கலாமா?

பதில்: கொடுத்தால் அதையும் கக்கும். கக்கும்போது இரைப்பையின் அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடுகிறது. செரிமான நீர்களும் குடல் நுண்ணுயிர்களும் பழைய நிலைக்கு வரவும் நாளாகும். பத்து முதல் பதினான்கு நாள் வரை தண்ணீர் மட்டும் வைத்து, பிறகு முன்னதைவிடச் சிறிய இரையைக் கொடுங்கள். இரை எடுத்த 48 மணி நேரத்துக்கு யாரும் குட்டியைத் தொடக் கூடாது. சூடான முனை போதிய சூட்டில் இல்லாததும் இரை பெரிதாக இருந்ததும் காரணமாகலாம். இரண்டாம் முறையும் கக்கினால், கக்கியதை மூடிய டப்பாவில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: கையை நீட்டினால் வாலைப் படபடவென ஆட்டிக் கடிக்க வருகிறது. நான்கு வயது மகள் தொட ஆசைப்படுகிறாள். என்ன செய்வது?

பதில்: எல்லாமே தன்னைத் தின்ன வருவதாக எண்ணும் வயது அது. தொடர்ந்து மூன்று முறை ஒழுங்காக இரை எடுத்த பிறகு, மேலிருந்து கையை இறக்காமல் பக்கவாட்டில் கொண்டுபோய், ஐந்து நிமிடம் எடுத்து வைத்திருந்து விட்டுவிடுங்கள். மகள் இப்போதைக்குப் பார்த்து மகிழட்டும். நலமாக இருக்கும் பாம்பின் மேலும் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்பதால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஊர்வனவற்றைத் தொடக் கூடாது என்பதே மருத்துவ அறிவுரை. பெரியவர்கள் ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவ வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தையும் பெட்டியையும் தராசுத் தட்டையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.