கம்பெனி போன்களைப் பூட்டும் சாவி யார் கையில்?

கேள்வி: ஈரோட்டில் மருந்து மொத்த வியாபாரம் செய்கிறோம். கடை கடையாகப் போய் ஆர்டர் எடுக்கும் 22 பேருக்கு ஆண்ட்ராய்டு போன் வாங்கிக் கொடுத்தோம். வேலையை விட்ட ஒருவர் திருப்பித் தந்த போன், ரீசெட் செய்த பிறகு அவருடைய பழைய ஜிமெயிலைக் கேட்டு அப்படியே நிற்கிறது. இன்னொருவர் கடைக்காரர்களின் வாட்ஸ்அப் தொடர்பு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டு போட்டிக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். ஒரு ஏஜென்ட், "போன்களை ஆபீஸிலிருந்தே ஆளும் எம்.டி.எம். ஆப்பை ஏற்றினால் போதும், வாட்ஸ்அப் மெசேஜ்கூட உங்களுக்குத் தெரியும்" என்கிறார். மூன்று வருடப் பணத்தை முன்கூட்டியே கேட்கிறார். கொடுக்கலாமா? எங்களிடம் இரண்டு பேர் சொந்தப் போனிலேயே வேலை பார்க்கிறார்கள். அவர்களுக்கு என்ன செய்வது?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களே போதும், ஆள் சரியில்லை என்று தெரிந்துகொள்ள.

ஆண்ட்ராய்டு ஒவ்வொரு ஆப்பின் தகவலையும் தனி அறையில் பூட்டி வைக்கிறது. முறையான எம்.டி.எம். மென்பொருளுக்கு வாட்ஸ்அப்பின் அறையைத் திறக்கும் அனுமதி கிடையாது. மெசேஜைக் காட்டுகிறேன் என்று வரும் ஆப், 'ஆக்சசிபிலிட்டி' அனுமதியை வாங்கிக்கொண்டு திரையில் ஓடுவதைப் படிக்கும் உளவு ஆப். அது வங்கி ஓ.டி.பி.யையும் அதே கண்ணால் படிக்கும், படித்ததை ஏஜென்ட்டின் சர்வருக்கு அனுப்பும். ஊழியரின் குடும்பப் பேச்சைப் படித்த குற்றம் உங்கள் தலையில் விழும்.

"ஆப்பை ஏற்றினால் போதும்" என்பது அடுத்த பொய். புழக்கத்தில் உள்ள போனில் இப்படி ஏற்றும் பழைய முறைக்கு 'டிவைஸ் அட்மின்' என்று பெயர். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-லேயே பாஸ்வேர்டு விதி, கேமரா தடை போன்ற அதன் அதிகாரங்களை கூகுள் பிடுங்கிவிட்டது. ஊழியர் செட்டிங்ஸுக்குள் போய் டிவைஸ் அட்மின் பட்டியலில் ஒரு டிக்கை எடுத்தால் ஆப்பை அழித்துவிடலாம். உங்களுக்கு வேண்டியது, முழுப் போனும் கம்பெனி ஆளுகையில் இருக்கும் 'ஃபுல்லி மேனேஜ்டு' முறை. அது ரீசெட் ஆகி, எந்த ஜிமெயிலும் ஏறாத போனில்தான் உட்காரும். ஆகவே உங்கள் போன்கள் எல்லாவற்றையும் ஒருமுறை ரீசெட் செய்தே தீர வேண்டும். ஏஜென்ட்கள் இதை வாயே திறந்து சொல்வதில்லை, உட்கார்ந்து செய்யவேண்டிய வேலை அது.

அதைவிடப் பெரிய பொறி, கணக்கு யார் பெயரில் என்பது. எல்லாப் போன்களையும் ஆளும் கன்சோலை ஏஜென்ட் தன் சொந்த ஜிமெயிலில் திறந்து, உங்கள் போன்களை அதன் கீழே சேர்த்துவிடுவார். நாளை அவரோடு பணத் தகராறு வந்தால், 22 போனையும் பூட்டவும் அழிக்கவும் அதிகாரம் அவர் கையில்தான் இருக்கும். கன்சோலோடு இணைக்கும் கூகுள் பிளே கணக்கும் அப்படியே. பின்னால் மாற்ற நினைத்தால் எல்லாப் போனையும் மறுபடி ரீசெட் செய்து சேர்க்க வேண்டிவரும். கம்பெனி டொமைனில் உள்ள மின்னஞ்சலில் நீங்களே கணக்கைத் திறங்கள். இரண்டு பேரை அட்மினாக வையுங்கள். இரட்டைச் சரிபார்ப்பின் பேக்கப் எண்களைத் தாளில் அச்சடித்து பீரோவில் வையுங்கள். ஏஜென்ட் உதவட்டும், துணை அட்மினாக மட்டும். வேலை முடிந்த அன்றே அவரை நீக்கிவிடுங்கள்.

செலவைப் பற்றிப் பயம் வேண்டாம். சோஹோவின் மேனேஜ்எஞ்சின் எம்.டி.எம். 25 சாதனங்கள் வரை இலவசப் பதிப்பு தருகிறது. மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் வாங்கியிருந்தால் இன்ட்யூன் என்ற அவர்களின் எம்.டி.எம். அதற்குள்ளேயே இருக்கிறது. மூன்று வருட முன்பணத்துக்கு இங்கே வேலையே இல்லை.

முதலில் இரண்டே போனில் ஒரு வாரம் செய்து பாருங்கள். ரீசெட்டுக்கு முன் கடைக்காரர் எண்களை காண்டாக்ட்ஸிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். தேவையான வாட்ஸ்அப் பேச்சுகளையும் எக்ஸ்போர்ட் செய்துகொள்ளுங்கள். ஊழியரின் டிரைவில் உள்ள பேக்கப்பை நம்பாதீர்கள், அது அவருடைய ஜிமெயிலோடு போய்விடும். பிறகு அந்த ஜிமெயிலை 'அக்கவுன்ட்ஸ்' பகுதியில் நீக்குங்கள். அதன்பின் செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் செய்யுங்கள். பவர், வால்யூம் பட்டன்களைச் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்தால் பழைய ஜிமெயில் கேட்கும் பூட்டு விழுகிறது. உங்கள் போனுக்கு நேர்ந்ததும் இதுவே.

போன் திரும்ப எழுந்து வரவேற்புத் திரை வந்ததும், மொழியைக்கூடத் தேர்வு செய்யாமல், வெற்றிடத்தில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டுங்கள். கேமரா திறக்கும். கன்சோல் காட்டும் கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து வைஃபையில் சேருங்கள். ஒரு போனுக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள், சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். அவசரத்தில் 'அடுத்து, அடுத்து' என்று தட்டி ஜிமெயிலைப் போட்டுவிட்டால் மறுபடி ரீசெட்டிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கன்சோலில் போடவேண்டிய விதிகள்: ஆறு இலக்க பின், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் ஆப் கோப்புகளுக்கு (ஏ.பி.கே.) தடை, புதிய ஜிமெயில் சேர்க்கத் தடை, நீங்கள் அனுமதித்த ஆப்கள் மட்டும். ரீசெட் பாதுகாப்புக்கான கணக்கு என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் கம்பெனி கணக்கைப் போடுங்கள். யாராவது பட்டனை அழுத்தி ரீசெட் செய்தாலும் போன் இனி உங்கள் கணக்கைத்தான் கேட்கும். இருப்பிடம் பார்க்கும் வசதியை வேலை நேரத்துக்கு மட்டும் வையுங்கள். பல சீன பிராண்டு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க எம்.டி.எம். ஆப்பைப் பின்னணியில் கொன்றுவிடும். 'ஆட்டோ ஸ்டார்ட்' கொடுத்து, பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்குங்கள். அதைச் செய்யாமல் ஊழியர் இருப்பிடத்தை மறைத்துவிட்டார் என்று அவரைத் திட்டாதீர்கள்.

வாட்ஸ்அப் கணக்கு எண்ணோடு பிணைந்தது, எண் சிம்மோடு. சிம் கம்பெனி பெயரில் இருக்கட்டும், அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்கள். அதன் இரட்டைச் சரிபார்ப்பு ஆறு இலக்க எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் ஆபீஸ் வசம் இருக்கட்டும். அந்த ஆறு இலக்க எண்ணை ஊழியரே வைத்துவிட்டு, மின்னஞ்சலும் கொடுக்காமல் போனால் நீங்கள் 7 நாள் காத்திருக்க வேண்டும். 'லிங்க்டு டிவைசஸ்' பட்டியலில் அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

இனி, சொந்தப் போன் வைத்திருக்கும் இரண்டு பேர். இதை நிதானமாகப் படியுங்கள், தவறு நடப்பது இங்கேதான். மேலே சொன்ன எதையும் அவர்கள் போனில் செய்யாதீர்கள். ரீசெட் கூடாது, ஃபுல்லி மேனேஜ்டு கூடாது. அவர்களுக்கு 'ஒர்க் புரொஃபைல்'. அதே போனுக்குள் கம்பெனிக்கென்று சுவர் வைத்து ஓர் அறை கட்டுவது போன்றது. அந்த அறையின் ஆப்களில் சின்னப் பெட்டிச் சின்னம் ஒட்டியிருக்கும். அறைக்குள் இருப்பதை மட்டுமே நீங்கள் ஆளலாம். அவருடைய போட்டோ, எஸ்.எம்.எஸ்., சொந்த வாட்ஸ்அப் எதுவும் உங்கள் கண்ணில் படாது. மாலையில் அவர் அந்தப் பகுதியை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். வேலையை விட்டால் அறையை மட்டும் அழியுங்கள், மற்றதெல்லாம் அவருக்கே இருக்கும். ஏஜென்ட்டின் பழைய டிவைஸ் அட்மின் முறையில் 'வைப்' (அழி) பட்டனை அழுத்தினால் மகள் பிறந்தநாள் போட்டோ உள்பட முழுப் போனும் போய்விடும். ஒரு தகவல் அழிந்த பிறகு மன்னிப்பு கேட்டுப் பயனில்லை. நீங்கள் எதைப் பார்ப்பீர்கள், எதைப் பார்க்க மாட்டீர்கள் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும், ஊழியர் போனைத் தன் சொத்தாக நினைக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். அந்த இரண்டு ஊழியர்கள் ஒர்க் புரொஃபைல் வேண்டாம் என்றால் கம்பெனி போன் வாங்கிக் கொடுங்கள்.

ஒருவர் விலகும் நாளில் வரிசை முக்கியம். எல்லோரும் முதலில் சிம்மை நிறுத்துகிறார்கள். நெட் இல்லாத போனுக்கு அழிக்கும் கட்டளை போய்ச் சேராது, கன்சோலில் 'காத்திருக்கிறது' என்றே நிற்கும். முதலில் கட்டளை அனுப்புங்கள், முடிந்தது என்று காட்டட்டும், பிறகு சிம்மைத் தொடுங்கள்.

இந்த ஆறு தட்டல் வேலையே இல்லாமல், பெட்டியைப் பிரித்ததும் கம்பெனி போனாகவே எழும் 'ஜீரோ டச்' வசதி இருக்கிறது. ஆனால் கூகுள் அங்கீகரித்த ரீசெல்லரிடம் வாங்கினால்தான் கிடைக்கும். ஐந்து போன் வாங்கும் சிறு நிறுவனத்துக்கு உள்ளூர்க் கடைதான் கதி, கடைக்காரருக்கோ அந்தப் பெயரே தெரியாது. வசதி தேவைப்படுகிறவருக்கு எட்டாமல் இப்படி வைத்திருப்பது நியாயமே இல்லை. சாம்சங் போனாக இருந்தால் மட்டும் நாக்ஸ் டிப்ளாய்மென்ட் ஆப் மூலம் நீங்களே பதிவு செய்யலாம்.

பூட்டி நிற்கும் அந்தப் போனுக்கு: பழைய ஊழியரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே ஒருமுறை லாகின் செய்யச் சொல்லுங்கள், பாஸ்வேர்டைக் கேட்காதீர்கள். பாஸ்வேர்டு மறந்து புதிதாக மாற்றினார் என்றால் 24 மணி நேரம் கழித்து முயலுங்கள். அவர் வராவிட்டால், ஐ.எம்.இ.ஐ. எண் (போனின் தனி அடையாள எண்) அச்சடித்த பில்லோடு பிராண்டின் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். லாக் உடைத்துத் தருகிறேன் என்று போர்டு வைத்திருக்கும் கடையில் கொடுக்காதீர்கள், உள்ளே என்ன மென்பொருளை ஏற்றித் தருவார்கள் என்று உங்களால் சரிபார்க்க முடியாது. பில்லில் ஐ.எம்.இ.ஐ. இல்லையென்றால் விற்ற கடையிலேயே எழுதி முத்திரை வாங்குங்கள்.