ஏசி கேஸ் தீராது, கசிந்துதான் போகும்

கேள்வி: 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், நான் இரண்டாவது ஓனர். போன ஏப்ரலில் ஏசி குளிரவில்லை என்று கேஸ் அடித்தோம், கொஞ்ச நாள் நன்றாக இருந்தது. இந்த மார்ச்சில் மறுபடியும் அடித்தோம். இப்போது நான்குவழிச் சாலையில் ஓரளவு குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெறும் காற்றுதான். ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஸர் போய்விட்டது, 24,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?
- திருச்சி வாசகர்

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். கேஸை அழுத்தித் தள்ளும் அந்தக் கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது என்று இங்கிருந்தே நான் சொல்ல முடியாது, ஆனால் அது போய்விட்டது என்பதற்கு அவர்கள் உங்களிடம் எதையும் காட்டவில்லையே.

முதலில் அந்தக் கேஸ் விஷயம். கார் ஏசி மூடிய சுற்று, உள்ளே இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருவதில்லை. ரப்பர் ஹோஸ், கம்ப்ரஸர் சீல் வழியாகப் பல வருடங்களில் துளித்துளியாகக் குறையும், அது இயல்பு. ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை அடித்தும் நிற்கவில்லை என்றால் எங்கேயோ கசிகிறது, அதைத் தேடாமல் கேஸ் மட்டும் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் கோபம் முதலில் இதன் மேல்தான் போக வேண்டும்.

ஓடும்போது குளிர்ந்து, நின்றால் குளிராமல் போவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது முன்னால் இருக்கும் ஃபேனையும், கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரையும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே கண்டென்சரின் சூட்டை எடுத்துவிடும், நின்றுவிட்டால் அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். இதை நீங்களே பார்க்கலாம். நிழலில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஏசியை முழுசாக வைத்து, பானெட்டைத் திறந்து ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள் (கை, துப்பட்டா, துண்டு எதுவும் பக்கத்தில் போகக் கூடாது, நின்றிருக்கும் ஃபேன் திடீரென்று சுற்றும்). சுற்றவில்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, ஃபேன் மோட்டார், இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றுகிறது, ஆனாலும் குளிரவில்லை என்றால் முன்பக்க கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே, உள்ளே ஒருவரை வென்ட்டில் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் பட்டதும் காற்று ஜில்லென்று மாறினால் சூடு வெளியேறாததுதான் பிரச்சனை. கண்டென்சரில் புழுதியும் பூச்சியும் அடைத்திருக்கலாம், ஃபேன் வேகம் குறைந்திருக்கலாம்.

கேஸ் குறைந்தாலும், கம்ப்ரஸர் தளர்ந்தாலும்கூட நின்றிருக்கும்போது குளிர்ச்சி போகும். அதனால்தான் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டாமல் யாரும் முடிவு சொல்லக் கூடாது என்கிறேன். கேஜில் நீல ஹோஸ் தாழ்வழுத்தப் பக்கம், சிவப்பு ஹோஸ் உயரழுத்தப் பக்கம். இரண்டு முள்ளும் குறைவாக நின்றால் பெரும்பாலும் கேஸ் போதவில்லை. இரண்டும் ஏறி நின்றால் ஃபேன், கண்டென்சர், அல்லது அளவுக்கு மேல் அடித்த கேஸ். நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்தால்தான் கம்ப்ரஸர் மேல் சந்தேகம் வலுக்கும். பக்கத்தில் நின்று பாருங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், கூச்சமே வேண்டாம், உங்கள் காசு.

கசிவையும் கண்ணால் பிடிக்கலாம். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் வெளியே வரும், அதனால் பைப் ஜாயிண்ட்டிலோ கண்டென்சரின் கீழ் மூலையிலோ புழுதி ஒட்டி, கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒரு திட்டு தெரியும். பல தடவை ஜாயிண்ட்டில் இருக்கும் ஓ-ரிங் என்ற சின்ன ரப்பர் வளையம்தான் காரணமாக இருக்கும், அதன் விலை மிகக் குறைவு. கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு லைனில் நைட்ரஜன் ஏற்றி சோப்பு நுரை தடவிப் பார்ப்பார்கள். உள்ளே வரும் காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயிலில் ஓட்டை என்றால் பல கார்களில் டாஷ்போர்டையே கழற்ற வேண்டும், அது பெரிய வேலை, செலவும் நேரமும் ஆகும்.

கசிவை அடைத்தபின் குறைந்தது அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு (லைனுக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி), அப்புறம்தான் கேஸ். எத்தனை கிராம் என்பது பானெட்டின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும், சின்ன கார்களில் பெரும்பாலும் அரை கிலோவுக்கும் குறைவு. எடை போட்டு அடிக்கச் சொல்லுங்கள். உங்கள் காருக்கு ஆர்134ஏ என்ற வகை கேஸ். எல்பிஜி கலந்த மலிவு கேஸைத் தயவுசெய்து விடாதீர்கள், கூலிங் காயில் கசிந்தால் அந்தத் தீப்பிடிக்கும் வாயு நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே வரும்.

இத்தனைக்கும் பிறகு கம்ப்ரஸர்தான் என்று தெரிந்தால், அதை எஞ்சினோடு இணைக்கும் மேக்னட் கிளட்ச்சோ பேரிங்கோ மட்டும் மாற்றினால் போதுமா என்று கேளுங்கள். உள்ளே தேய்ந்து உலோகத் தூள் கிளம்பியிருந்தால் லைனைச் சுத்தம் செய்யாமல், ஈரத்தை உறிஞ்சும் டிரையரை மாற்றாமல் புதுசு போட்டால் அதுவும் சீக்கிரம் போகும்.

கேள்வி: ஜில்லென்றுதான் இருக்கிறது, ஆனால் ஃபேனை நான்கில் வைத்தாலும் காற்று வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: டாஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். அழுக்கு அப்பியிருந்தால் மாற்றுங்கள், அது சுத்தமாக இருந்தால் மட்டும் காற்றைத் தள்ளும் ப்ளோயர் பக்கம் போகலாம்.

கேள்வி: சரியாகாத வேலைக்குப் பணம் வாங்கிவிட்டு பில் தர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடவடிக்கை. முதலில் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள், ஜிபே செய்த ரசீதை அழிக்காதீர்கள். அதற்கும் அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். அங்கேயும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 வருடங்களுக்குள் போக வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. அடுத்த தடவை வண்டியை விடும்போதே எஸ்டிமேட்டை எழுதி வாங்கி, கழற்றிய பழைய பாகம் எனக்கு வேண்டும் என்று ஜாப் கார்டில் குறிக்கச் சொல்லுங்கள்.