மிட்டெர்ம் எலெக்‌ஷன்ல (அதிபரோட பதவிக்காலத்துக்கு நடுவுல வர்ற நாடாளுமன்றத் தேர்தல்) ஆளுங்கட்சியோட மெஜாரிட்டி குறைஞ்சா நிஜமாவே ஏதாவது மாறுமா? ஆட்சி எப்படியும் கவிழாதே?

ஆட்சி கவிழாதுதான், ஆனா நிறைய மாறும்ங்க. எத்தனை சீட் போச்சுன்னு பாக்காதீங்க, எந்தக் கோட்டுக்குக் கீழ இறங்குனாங்கன்னு பாருங்க. இதுக்கு மெக்சிகோவ விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

அங்க அதிபருக்கு ஆறு வருஷம், மறுபடி நிக்கவே முடியாது. கீழவையில இருக்கற 500 சீட்டுக்கும் மூணு வருஷத்துக்கு ஒருதடவ தேர்தல், அதனால அதிபரோட பதவிக்காலத்துக்கு நட்டநடுவுல ஒரு தேர்தல் வந்துரும். லோபஸ் ஒப்ரதோர் அதிபரா இருந்த காலத்துல அது 2021 ஜூன்ல வந்துச்சு. அதுவரைக்கும் அவரோட மொரேனா கட்சி, கூட்டணிக்காரங்க, கட்சி தாவி வந்தவங்க எல்லாம் சேந்து கீழவையில மூணுல ரெண்டு பங்கு வச்சிருந்தாங்க, தேர்தல் முடிஞ்சதும் அது சுமார் 280 ஆயிருச்சு. பாதிக்கு மேல இருக்கறதால பட்ஜெட்டும் சாதாரண சட்டமும் முன்ன மாதிரியே பாஸ் ஆச்சு, பாக்கறவங்களுக்கு எதுவுமே மாறாத மாதிரிதான் இருந்துச்சு.

மாறினது தெரிஞ்சது 2022 ஏப்ரல் 17, ஈஸ்டர் ஞாயிறு அன்னைக்கு. மின்சார மார்க்கெட்டுல குறைஞ்சது 54 சதவீதம் அரசு நிறுவனத்துக்கேன்னு அரசியல் சாசனத்தையே திருத்தப் பாத்தாரு, மணிக்கணக்கா விவாதம் ஓடி ராத்திரி ஓட்டெடுப்பு நடந்தப்ப ஆதரவு 275, எதிர்ப்பு 223. சாதா மசோதான்னா அது அமோக வெற்றி, ஆனா சாசனத் திருத்தத்துக்கு வந்திருந்தவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு, அதாவது 332 வேணும், அதனால தோத்துச்சு. உடனே அடுத்த நாளே லித்தியத்த அரசுடமை ஆக்கற சுரங்கச் சட்டத்த கீழவையில சாதா மெஜாரிட்டிய வச்சே நிறைவேத்திட்டாரு, அதான் சொல்றேன், குறைஞ்ச மெஜாரிட்டி அரசாங்கத்த நிறுத்தாது, வேற வழியில போக வைக்கும். அப்படிப் போற சட்டத்த கோர்ட்டு ரத்து பண்ணவும் முடியும், தேர்தல் ஆணையத்தோட அதிகாரத்தக் குறைச்ச சட்டத்த 2023ல உச்ச நீதிமன்றம் தூக்கிப் போட்டுச்சு.

இத ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, மிட்டெர்ம்தானேன்னு ஓட்டுப் போடாம விடறவங்க எல்லா நாட்டுலயும் இருக்காங்க, அதப் பாத்தா எனக்கு ரொம்ப ஆதங்கமா இருக்கும்.

2024ல அதே கூட்டணி கீழவையில 360 சீட்டத் தாண்டிருச்சு. நீதிபதிகள மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணும்ங்கற சாசனத் திருத்தம் செப்டம்பர்லயே வந்துருச்சு, செனட்ல 86 ஓட்டு வேணும், எதிர்க்கட்சி செனட்டர் ஒருத்தர் மாத்திப் போட்டதால சரியா 86 கிடைச்சுது. அடுத்த மிட்டெர்ம் 2027 ஜூன்ல, அன்னைக்கு ரிசல்ட்டுல யாரு முதலிடம்னு தேடாதீங்க, ஆளுங்கூட்டணிக்குக் கீழவையில 334, அதாவது 500 பேரும் வந்தா மூணுல ரெண்டு பங்கு, இருக்கா இல்லையான்னு பாருங்க.