மலை உச்சியில் பூ எண்ணினால் சம்பளம் வருமா?

வணக்கம் அண்ணே.

சனிக்கிழமை மேற்படிப்பு ஆலோசனைக்காக என்னிடம் வந்தபோது, உங்கள் மகள் தண்ணீர் குடிக்க வெளியே போன நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டீர்கள்: “மலை மேல பூ எண்ணுறதுக்கெல்லாம் சம்பளம் கொடுப்பாங்களா சார்?” அடுத்த குடும்பம் வாசலில் காத்திருந்ததால் பாதி பதிலோடு அனுப்பிவிட்டேன். மீதி இது.

பள்ளியோடு சபாவின் கினபாலு மலைக்குப் போய் வந்ததிலிருந்துதான் மகளுக்கு மலைச் செடிகளைப் பற்றிப் படிக்கும் இந்த ஆசை என்றீர்கள். ஆசையில் குற்றமில்லை. 4,095 மீட்டர் மலை அது. மேலே போகப் போக மரங்கள் குட்டையாகி, கடைசியில் பாறை இடுக்கில் புதராக ஒண்டிக்கொண்டு நிற்கும். 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். நம் பினாங்குக் கொடிமலையில் காற்று சில்லென்று இருப்பதும் அதனால்தான்.

பூமி சூடாகும்போது, பழைய குளிர்ச்சி வேண்டுமென்றால் செடி மேலே போக வேண்டும். அதற்குக் கொடிமலை ரயிலா இருக்கிறது? விதை விழுந்து, முளைத்து, பூத்து, அடுத்த விதை இன்னும் கொஞ்சம் மேலே விழ வேண்டும். சிறகுள்ளவை முந்திக்கொள்கின்றன: கினபாலுவில் 1965இல் அந்துப்பூச்சிகளைக் கணக்கெடுத்த அதே பாதையில் 2007இல் மறுபடி ஏறிப் பார்த்தார்கள். சராசரியாக 67 மீட்டர் மேலே போயிருந்தன.

ஐரோப்பாவில் 302 மலை உச்சிகளின் பழைய குறிப்புகளையும் புதிய கணக்கெடுப்பையும் ஒப்பிட்ட ஆய்வு 2018இல் வந்தது. உச்சிக்குப் புதுச் செடிகள் வந்து சேரும் வேகம், ஐம்பது ஆண்டுக்கு முன் இருந்ததைவிடச் சுமார் ஐந்து மடங்காம். அன்று இதைச் சொன்னதும் உங்கள் மகள், “அப்ப கூடியிருக்கே, நல்லதுதானே சார்?” என்றாள். அந்தக் கேள்விக்காகவே அவளை இந்தத் துறையில் சேர்த்துக்கொள்ளலாம். உச்சியிலுள்ள பழைய செடிகள் பலவும் நீண்ட ஆயுள் கொண்டவை. கீழிருந்து வந்த உயரமான புல்லும் புதரும் நிழல் போட்டாலும் உடனே சாவதில்லை. மளிகைக் கடையில் கணக்கு வைத்து வாங்குகிற மாதிரிதான்: வீட்டில் சாமான் நிறைந்திருக்கும், பாக்கி பின்னால் வரும். விஞ்ஞானிகளே இதை ‘அழிவுக் கடன்’ என்கிறார்கள். மத்தியத்தரைக் கடல் பக்கத்து மலைகளிலோ 2001க்கும் 2008க்கும் இடையில் செடி வகைகளின் எண்ணிக்கை உயரவே இல்லை, சில உச்சிகளில் குறைந்தே போனது. அங்கே சூட்டோடு வறட்சியும் சேர்ந்துகொண்டது.

சரி, வேலை எப்படி நடக்கிறது? வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட குளோரியா என்ற வலையமைப்பு, பல நாட்டு மலை உச்சிகளில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரங்களை நிரந்தரமாகக் குறித்து வைத்திருக்கிறது. சதுரத்தின் மேல் சட்டம் வைத்து, நூல் கட்டி, பத்து சென்டிமீட்டர் கட்டங்களாக நூறு பிரிப்பார்கள். முட்டி போட்டு, கட்டம் கட்டமாக எந்தச் செடி இருக்கிறது என்று எழுதுவார்கள். மண்ணுக்குள் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் சின்ன வெப்பமானி ஒன்று தானாகவே பதிவு செய்துகொண்டிருக்கும். சில ஆண்டு கழித்து அதே சதுரத்துக்குத் திரும்பி வர வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது.

உங்கள் பெண் சரிப்படுவாளா? வீட்டுப் பின்புறப் புல்லில் ராஃபியா கயிற்றால் ஒரு சதுரம் கட்டி, நூறு கட்டத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடியும். இரண்டாவது தடவை அவளே நினைவு வைத்துப் போகிறாளா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது சம்பளம். மலை உச்சிக்கென்றே ஆள் எடுப்பவர்கள் மிகக் குறைவு, அதை மறைக்க மாட்டேன். தொடக்கத்தில் ஒப்பந்த வேலை, ஆய்வு உதவியாளர் பணி என்றுதான் ஓடும். ஆனால் செடியை அடையாளம் காண்பது, புள்ளியியல், வரைபட மென்பொருள், ஒழுங்காக அறிக்கை எழுதுவது, இந்த நான்கும் கைவசம் இருந்தால் கதவுகள் உண்டு. மலேசியாவின் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி சில வகைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயம். அதைச் செய்ய ஆலோசனை நிறுவனங்கள் வேண்டும். செம்பனைத் தோட்டங்களின் சான்றிதழ் வேலை இருக்கிறது, கெப்போங்கில் வன ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது.

அதனால்தான் அன்று கணிதம் பற்றிக் கடுமையாகப் பேசினேன். உயிரியல் பிடிக்கும், கணிதம் ஒப்புக்கு என்றால் இந்தத் துறையில் பாதி வழியிலேயே நின்றுவிடுவாள்.

அப்புறம், கல்விக் கண்காட்சியில் முகவர் ஒருவர் நீட்டிய சுவிட்சர்லாந்து கையேட்டை இப்போதைக்கு அலமாரியில் வையுங்கள். வீட்டை அடமானம் வைத்து முதல் பட்டத்துக்கு ஆல்ப்ஸ் போக வேண்டியதில்லை. இங்கே பினாங்கு மிண்டனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பஸ் போகிற தூரம். மலைதான் வேண்டுமென்றால் கோத்தா கினபாலுவில் சபா பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே வெப்பமண்டல உயிரியலுக்கென்றே கழகம் உண்டு. பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனில் சமாளிக்கலாம். மேற்படிப்புக்கு வெளிநாடு போவதை அப்போது உதவித்தொகையோடு யோசிக்கலாம்.

அடுத்த முறை வரும்போது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வின் முதல் தவணை முடிவைக் கொண்டு வாருங்கள். ராஃபியா சதுரக் கணக்கு நோட்டையும்தான். சம்பளக் கேள்வியை இந்தத் தடவை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேளுங்கள், அண்ணே.